பேசாத பொம்மைகளும் பேசவேண்டிய கதைகளும்

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் ஒரு வீடியோ விளையாட்டைப் பற்றிக் கட்டுரை வரைவது சிலருக்கு விந்தையாகவும் சிலருக்கு வேண்டாத வேலையாகவும் தோன்றக்கூடும். அவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதற் சமாதானம் தொல்காப்பியத்திலேயே உண்டு. உவகை பிறக்கும் நிலைக்களன்களை மெய்ப்பாட்டியல் நான்காக வகுக்கும்போது செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு விளையாட்டையும் சேர்த்தே எண்ணுகின்றது. முதல் மூன்றைப் பற்றியும் எத்தனையோ ஆய்வுரைகளை எழுதிவிட்ட நாம் நான்காவதை மட்டும் சிறுவர்க்கென ஒதுக்கிவிட்டோம். இரண்டாவது சமாதானம் என் சொந்த அனுபவத்தைச் சார்ந்தது. மொழி என்றால் என்ன, உறவு என்றால் என்ன, ஒரு கதையை அறிந்திருத்தல் என்றால் என்ன என்னும் வினாக்கள் எனக்கு முதன்முதலில் எழுந்த இடம் விரிவுரை மண்டபமன்று. ஒரு மடிக்கணினியின் திரை.

நான் குறிப்பிடும் விளையாட்டின் பெயர் 'லெகோ ஸ்டார் வோர்ஸ் 2: த ஒரிஜினல் ட்ரிலோஜி' என்பதாகும். இங்கிலாந்தைச் சேர்ந்த ட்ராவலர்ஸ் டேல்ஸ் நிறுவனம் இதனை ஆக்க, லூக்காஸ் ஆர்ட்ஸ் நிறுவனம் 2006 செப்ரெம்பரில் வெளியிட்டது. 2005 இல் வந்த முதல் விளையாட்டின் தொடர்ச்சி இது. ஆயினும் இத்தொடர்ச்சியில் ஒரு முரண் உண்டு. ஜோர்ஜ் லூக்காஸ் தோற்றுவித்த 'ஸ்டார் வோர்ஸ்' படங்களுள் 1977, 1980, 1983 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த முதல் மூன்றும் கதையொழுங்கில் நான்காம், ஐந்தாம், ஆறாம் பாகங்களாகும். ஏனைய மூன்று முற்பாகங்களும் 1999 முதல் 2005 வரை வெளிவந்தன. முதல் விளையாட்டு இப்பிந்திய படங்களைத் தழுவியது. இரண்டாவதோ பழைய படங்களுக்குத் திரும்பியது. தொடர்ச்சி என்பது முன்னோக்கிச் செல்வதாக மட்டும் இருக்கவேண்டியதில்லை, பின்னோக்கிச் செல்வதாகவும் இருக்கலாம் என்னும் இவ்வுண்மையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். அதன் பொருள் பின்னர்ப் புலப்படும்.

லெகோ என்பது டென்மார்க்கின் யூட்லாந்துக் குடாநாட்டிலுள்ள பில்லுண்ட் என்னும் சிற்றூரிற் பிறந்த விளையாட்டுப் பொருள். ஓல கேர்க் கிறிஸ்ரியன்சன் என்ற தச்சர் 1932 இல் அங்கு மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' எனப் பொருள்படும் இரு டேனிஷ் சொற்களை இணைத்து 1934 இல் இப்பெயர் சூட்டப்பட்டது. 1949 இல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. மேற்புறத்துக் குமிழும் உட்புறத்துக் குழாயும் ஒன்றையொன்று இறுகப் பற்றும் இன்றைய கட்டைக்கு 1958 ஜனவரியில் காப்புரிமை கோரப்பட்டது. கைகால் அசையும் சிறு மனித உருவம் தோன்றியது 1978 இல். இரண்டு புள்ளிக் கண்களும் ஒரு புன்னகையுமே அதன் முகம். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அதற்கு வேறு முகபாவம் இருக்கவில்லை. 1999 இல் அந்நிறுவனம் முதன்முறையாக ஒரு திரைப்படத் தொடரின் உரிமத்தைப் பெற்று 'ஸ்டார் வோர்ஸ்' பொம்மைகளை வெளியிட்டது. பெயரிலேயே போரைத் தாங்கிய ஒன்றைக் குழந்தைகளிடம் கொடுக்கலாமா என்ற தயக்கம் நிறுவனத்துக்குள்ளேயே இருந்ததென்பது கவனிக்கத்தக்கது.

ஆகவே இவ்விளையாட்டு மூன்று படிகளைக் கடந்து வந்தது எனலாம். முதலிற் படம், அப்படத்தின் பாத்திரங்களுக்குப் பொம்மை, பின் அப்பொம்மைகளின் பிம்பம். இருவர் அருகருகே அமர்ந்து ஒரே திரையில் இதனை விளையாடலாம். ஒருவர் லூக் ஸ்கைவோக்கராக நின்றால் மற்றவர் ஹான் சோலோவாகவோ, லெயாவாகவோ, ஆர்2-டி2 என்னும் இயந்திரமாகவோ உடன் வருவார். இரண்டாமவர் இடைநடுவில் வந்து சேரலாம். விரும்பிய கணத்தில் விலகலாம். அவர் விலகினால் அப்பாத்திரத்தைக் கணினியே நடத்திச் செல்லும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வோர் ஆற்றல் உண்டு. சில கதவுகள் இயந்திரங்களுக்கே திறக்கும். சில பொருள்கள் 'சக்தி' கைவந்த ஜெடாய் வீரருக்கே அசையும். ஒரு பாத்திரத்தால் மட்டும் பல கட்டங்களைக் கடக்கமுடியாது. வழியெங்கும் குமிழ் வடிவான காசுகள் சிதறிக் கிடக்கும். வெள்ளிக்கு 10, பொன்னுக்கு 100, நீலத்துக்கு 1000 என்பது கணக்கு.

அடிபட்ட பாத்திரம் இறப்பதில்லை. தலை வேறு, உடல் வேறு, கால் வேறாகக் கழன்று விழும். சேர்த்த காசிற் சில உருண்டோடும். மறுகணம் அதே இடத்தில் முழு உருவாக எழுந்து நிற்கும். தோல்வி என்றொரு முடிவே இவ்விளையாட்டில் இல்லை. மேலும், முதல் விளையாட்டிற் சிதறிய கட்டைகளை ஜெடாய் வீரரே தம் சக்தியால் ஒன்றுசேர்க்க முடிந்தது. இரண்டாவதிலோ சக்தியற்ற சாதாரணப் பாத்திரங்களும் குனிந்து நின்று கைகளாற் கட்டியெழுப்பக்கூடியனவாயின. கட்டும் உரிமை தெய்வீக ஆற்றல் உடையோரிடமிருந்து எல்லாருக்கும் பரவிய இம்மாற்றம் சிறியதே. எனினும் எனக்கு உவப்பானது.

இவ்விளையாட்டின் தனிச்சிறப்பு அதன் மௌனமாகும். இடையிடையே வரும் கதைக் காட்சிகளில் எப்பாத்திரமும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. முனகல், செருமல், வியப்பொலி, கையசைவு, தலையசைவு, இவ்வளவே. இசையும் ஓசையும் படத்திலிருந்து வருகின்றன. உரையாடல் மட்டும் நீக்கப்பட்டுவிட்டது. பெருங்காப்பியத்தின் கனத்தோடு திரையில் நிகழ்ந்தவை யாவும் இங்கே நகைச்சுவையாகின்றன. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்கு நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் கூறும். கொடுங்கோலரின் கம்பீரத்தைக் குலைப்பதால் எள்ளல். வீரரைக் குழந்தைகளாக்குவதால் இளமை. அறியாது செய்வதால் பேதைமை. அறிந்தும் தவறுவதால் மடன். இந்நான்கையும் இப்பொம்மைகளிடத்துக் காணலாம். ஒரு கதையை ஊர் முழுதும் அறிந்திருக்கும்போதுதான் அதைக் கேலி செய்யும் உரிமையும் ஊருக்குக் கிடைக்கின்றது. கூத்திலே கட்டியகாரன் அரசனைப் பார்த்துச் சிரிக்கலாம். ஏனெனில் அவ்வரசனின் கதை விடியும்வரை விழித்திருப்போர் அனைவருக்கும் பாடம்.

இனி, இப்பொம்மை பிறந்த நாட்டுக்கும் எங்களுக்கும் உள்ள தொடர்பைக் கூறவேண்டும். 1983 இன் பின்னர் ஈழத்தமிழர் அகதிகளாகச் சென்றடைந்த நாடுகளுள் டென்மார்க்கும் ஒன்று. அவர்களிற் பலர் யூட்லாந்தின் சிறு நகரங்களிலேயே குடியமர்த்தப்பட்டனர். ஹேர்னிங், ஹொல்ஸ்ரபுரோ போன்ற ஊர்ப்பெயர்கள் யாழ்ப்பாணத்துத் தபாற்காரருக்கும் பழக்கமாயின. அந்நாட்டின் அரசியல் வரலாற்றில் 'தமிழ் விவகாரம்' என்றே ஓர் அத்தியாயம் உண்டு. நீதியமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன் 1987 முதல் தமிழ் அகதிகளின் குடும்ப மீளிணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக முடக்கிவைத்தார். அது விசாரணையில் வெளிப்பட்டபின் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி துறந்தார். 1995 இல் முன்னாள் அமைச்சர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். பிரிந்திருந்த மனைவியரும் மக்களும் ஒன்றுசேர்வது ஓர் அரசாங்கம் கவிழுமளவுக்குப் பெரிய காரியமாயிருந்தது என்பதை நினைக்கும்போது, உறவுகளைச் சேர்த்துவைத்தல் எவ்வளவு அரிது என்பது விளங்கும். கடவுச்சீட்டினால் முடிந்தது உடல்கள் சேர்வது. அதற்கப்பாலும் சேரவேண்டியன சில உள.

என் சித்தப்பா 1986 இல் அந்நாடு சென்றவர். 2012 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், இருபத்தாறு ஆண்டுகளின் பின், முதன்முறையாக ஊருக்கு வந்தார். அவரோடு அவருடைய மகனும் வந்தான். எனக்கு அப்போது பத்து வயது, அவனுக்கு எட்டு. அவன் வாயில் டேனிஷ் மொழி ஆறாக ஓடிற்று. தமிழில் அவனிடம் இருந்தவை 'அம்மா', 'அப்பா', 'தண்ணி', 'போதும்', 'அக்கா' என்னும் விரல்விட்டு எண்ணத்தக்க சொற்களே. என்னிடம் இருந்த ஆங்கிலமோ பாடப்புத்தகத்தின் நான்காம் பாடத்தைத் தாண்டாதது. முதல் இரண்டு நாள்களும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு விறாந்தையின் இரு முனைகளில் இருந்தோம். பெரியவர்கள் 'தம்பியோட கதை பிள்ளை' என்று என்னை ஏவுவார்கள். எதைக் கதைப்பது, எதனாற் கதைப்பது என்பதை எவரும் சொல்லித்தரவில்லை.

மூன்றாம் நாள் அவன் தன் பையிலிருந்து மடிக்கணினியையும் பொத்தான்கள் பதித்த இரண்டு கைப்பிடிகளையும் எடுத்து, ஒன்றை என்னிடம் நீட்டினான். அதன்பின் அந்த விடுமுறையில் எங்களுக்கு மொழி தேவைப்படவில்லை. அவன் கதவைக் காட்டுவான், நான் இயந்திரத்தைக் கொண்டுபோவேன். நான் பள்ளத்தில் விழுந்து துண்டுதுண்டாவேன், அவன் உருண்டு சிரிப்பான். ஒருவர் மற்றவரைத் தவறுதலாக அடித்துச் சிதறடிக்கவும் இவ்விளையாட்டில் இடமுண்டு; தவறுதலாகவே அடித்தோம் என்று இருவருமே நடித்தோம். அப்பாச்சி தன் சாய்மனைக் கதிரையிலிருந்து எங்களைப் பார்த்து, 'ரெண்டும் ஒட்டிக்கொண்டுதுகள்' என்று நிறைவோடு சொன்னதை நான் கேட்டேன். வீடு முழுவதும் அந்த நிறைவில் இருந்தது. பிள்ளைகளுக்கு மொழி வேண்டாம், விளையாட்டே போதும் என்று பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

ஐந்தாம் பாகத்தின் இறுதிக்கட்டத்தை முடித்தபோது ஒரு காட்சி வந்தது. கறுப்புக் கவசமணிந்த டார்த் வேடர், ஒடுங்கிய பாலமொன்றின் ஓரத்தில் லூக்கைத் தள்ளி நிறுத்திவிட்டு, ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டுகின்றான். அதைக் கண்ட லூக் நிலைகுலைகின்றான். என் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு படத்தைப் பார்த்து ஒருவன் ஏன் அலறவேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. நான் அப்படங்களைப் பார்த்ததில்லை; கதையும் கேட்டதில்லை. என் முகத்தைப் பார்த்து அவன் சிரிப்பை நிறுத்தினான். விளக்க முயன்றான். டேனிஷில் ஏதோ சொன்னான்; ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான்; கைகளை விரித்தான். கடைசியில் திரையில் நின்ற கறுப்பு உருவத்தைச் சுட்டி, 'அப்பா' என்றான். பின் லூக்கைச் சுட்டி, சற்று யோசித்து, தன் நெஞ்சிற் கையை வைத்தான். அவனிடமிருந்த சில தமிழ்ச் சொற்களுள் ஒன்று அக்கணத்திற்குப் போதுமானதாயிருந்தது. உலகத்துச் சினிமாவின் பெயர்பெற்ற அந்த இரகசியத்தை நான் அறிந்தது தமிழில், ஒரேயொரு சொல்லில்.

அன்று எனக்கு அது ஒரு வேடிக்கை. இன்று இலக்கியம் கற்கும் மாணவியாக அதனை எண்ணும்போது, அக்காட்சி மௌனத்தைப் பற்றிய ஒரு பொதுநம்பிக்கையை உடைத்துவிடுகின்றது எனக் கருதுகின்றேன். சைகை எல்லார்க்கும் பொதுவானது, சொல்தான் மக்களைப் பிரிப்பது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். ஆனால் அந்தப் புகைப்படம் பேசியது, கதையை முன்னரே அறிந்தவனோடு மட்டுமே. 1980 ஆம் ஆண்டின் படத்தில் வேடர் அதை வாய்விட்டுச் சொன்னான், கோடிக்கணக்கானோர் கேட்டனர், கேட்டவர் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அப்படி ஒரு தலைமுறை முழுவதும் சொல்லிச்சொல்லி ஊறிப்போன பின்னரே, 2006 இல் அச்சொல்லை நீக்கிவிட்டு ஒரு படத்தை நீட்டினாலும் போதுமென்றாயிற்று. ஆகவே அந்த மௌனம் சொல்லின் எதிரியன்று, சொல்லின் சேமிப்பு. சேமிப்பு இல்லாதவனுக்கு அது வெறும் மௌனமே.

இவ்வுண்மையை எங்கள் வீட்டின்மேல் வைத்துப் பார்க்க எனக்குச் சில ஆண்டுகள் சென்றன. அந்த விடுமுறையில் மாலைதோறும் அப்பாச்சி கதை சொல்லுவார். எங்கள் பூட்டனார் வண்டில் மாட்டோடு ஆனையிறவு தாண்டிய கதை, கிணற்றடி வேம்பு பட்ட கதை, சித்தப்பா சிறுவயதிற் பள்ளிக்கூடத்துக்கு ஒளித்துத் திரிந்த கதை. நாங்கள் எல்லாரும் பாதிக் கதையிலேயே சிரித்துவிடுவோம். அப்பாச்சி புருவத்தை உயர்த்தினாலே போதும், அடுத்தது என்னவென்று எங்களுக்குத் தெரியும். தம்பியும் எங்களோடு இருந்தான். நாங்கள் சிரித்தபோது அவனும் சிரித்தான், ஒரு கணம் பிந்தி. அந்த ஒரு கணத்தை அன்று எவரும் கவனிக்கவில்லை. புகைப்படத்தைக் கண்டு விழித்த என் நிலையில்தான் அவன் ஒவ்வொரு மாலையும் இருந்தான். அவன் எனக்கு ஒரு சொல்லையாவது தேடித் தந்தான். நாங்கள் பதினொரு பேர் இருந்தும் அவனுக்கு ஒன்றையும் மொழிபெயர்க்கவில்லை. 2016 இல் அப்பாச்சி காலமானார். அவர் கதைகளின் பெரும்பகுதி, அவற்றுக்கு உரிய ஒரு பேரனைச் சேராமலே போயிற்று.

இவ்விளையாட்டின் மற்றொரு கூறு, உடைவதும் மீள்வதுமாகிய அதன் உலகம். இதனை என் அம்மா ஒருமுறை அருகில் நின்று பார்த்தார். சுவரொன்று குண்டுபட்டுச் சிதறியது. சிதறிய கட்டைகள் தரையிற் துள்ளிக்கொண்டிருந்தன. தம்பி ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்க அவை தாமே பறந்துசென்று ஒரு படிக்கட்டாயின. 'எங்கட வீடும் உப்பிடி எழும்பியிருந்தா நல்லாயிருந்திருக்கும்' என்றார் அம்மா. அதைக் கேலியாகச் சொன்னாரா ஏக்கமாகச் சொன்னாரா என்பது குரலில் தெரியவில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது விட்டுச்சென்ற வீட்டை, திரும்பி வந்து பார்க்கையில் கூரையுமில்லை, கதவு நிலைகளுமில்லை. அதனை அறையறையாகத் திருத்தி எழுப்பப் பெற்றோருக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேற் சென்றது. இன்றும் பின்விறாந்தைக்குத் தளமில்லை.

போரைக் குழந்தை விளையாட்டாக்கிக் குருதியையும் வலியையும் மறைப்பது பொய்யன்றோ என்ற வினா இங்கே எழுகின்றது. இவ்வினாவை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. பொம்மை மறுகணம் எழுந்து நிற்கின்றது, மனிதர் எழுவதில்லை. எனினும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அழிவைப் பற்றி எதைச் சொல்லலாம் என்ற வினாவும் இதனோடு இருக்கின்றது. உடைந்ததைக் கொண்டே வழி அமைக்கலாம் என்பது ஒரு பிள்ளை அறியத்தக்க செய்தியே. இவ்விளையாட்டு சொல்லும் பொய் வேறிடத்தில் இருக்கின்றது. உடைந்தது மீளும் என்பதிலன்று. செலவின்றி, காலமின்றி, ஒரு பொத்தானில் மீளும் என்பதிலேதான்.

இதனைக் கட்டையின் கணக்கைக் கொண்டே நிறுவலாம். ஒரே நிறமான, எட்டுக் குமிழ்களையுடைய லெகோக் கட்டைகள் ஆறினை 915,103,765 விதமாக இணைக்கலாமெனக் கணிதவியலாளர் கணித்துள்ளனர். கையில் ஆறு கட்டைகள் கிடைத்த பிள்ளைக்குத் தொண்ணூறு கோடிக்கும் மேற்பட்ட பாதைகள் திறந்திருக்கின்றன. திரையிலோ துள்ளும் கட்டைக் குவியலுக்கு ஒரேயொரு பாதை. அது படிக்கட்டென்று விதிக்கப்பட்டிருந்தால் படிக்கட்டே, பாலமென்றாற் பாலமே. பிள்ளை கட்டுவதாக எண்ணுகின்றது. உண்மையில் அது பொத்தானைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கின்றது. கட்டையைக் கையிலெடுத்துத் தவறாகப் பொருத்தி, பிரித்து, மீண்டும் பொருத்தும் சிரமமே லெகோவின் உயிர். அச்சிரமத்தைத் திரை நீக்கிவிட்டது.

இதற்குப் பின்னாலுள்ள வணிகத்தையும் மறத்தல் ஆகாது. 1977 இல் முதற்படம் எதிர்பாராத வெற்றி பெற்றபோது கென்னர் என்னும் அமெரிக்க நிறுவனத்தால் நத்தார்ப் பண்டிகைக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. ஆகவே அது வெற்றுப் பெட்டியையே விற்றது. பொம்மைகள் பின்னர்த் தபாலில் வரும் என்ற உறுதிச்சீட்டு அதற்குள் இருந்தது. 2012 இல் டிஸ்னி நிறுவனம் லூக்காஸ் பில்ம் நிறுவனத்தை ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு வாங்க இணங்கியது. கதை ஒரு சரக்காகி, சரக்கு பொம்மையாகி, பொம்மை மீண்டும் சரக்காகும் இச்சுழலில், பிள்ளையின் கற்பனையும் உரிமம் பெற்ற பொருளாகிவிடுகின்றது. இதனைக் கண்டிக்கவேண்டிய இடத்திற் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கண்டனம் முடிந்த பின்னரும் ஓர் உண்மை எஞ்சுகின்றது. அந்த வணிகர் தம் கதையை எங்கள் தம்பியிடம் கொண்டு சேர்த்தார்கள். எங்கள் கதைக்கு அத்தகைய வணிகமும் இல்லை. வணிகமில்லாத இடத்திற் செய்யவேண்டிய முயற்சியை நாங்களும் செய்யவில்லை.

இவ்விளையாட்டில் இருவருக்கும் திரை ஒன்றே. ஒருவர் முன்னே ஓடினால் மற்றவர் திரையின் ஓரத்தில் இழுபடுவார். இருவரும் எதிர்த்திசைகளிற் சென்றால் திரை அசையாது நின்றுவிடும். இக்கட்டுப்பாடு பலருக்கு எரிச்சலூட்டியது. 2009 இல் அதே நிறுவனத்தார் வெளியிட்ட 'லெகோ இண்டியானா ஜோன்ஸ் 2' இல் இதற்குத் தீர்வு கண்டனர். இருவரும் விலகிச் சென்றால் திரை இரண்டாகப் பிளந்து ஒவ்வொருவர்க்கும் தனியிடம் தரும். நெருங்கினால் மீண்டும் ஒன்றாகும். 2012 இல் வந்த 'லெகோ பற்மான் 2' முதலாகப் பொம்மைகள் பேசவும் தொடங்கின. பழைய மௌனமே அழகு என்று வருந்துவோர் உளர். நகைச்சுவையைப் பொறுத்தவரை அவர்கள் கூற்றில் நியாயமுண்டு. ஆயினும் கதையை முதன்முறையாகக் கேட்கும் பிள்ளையின் பக்கம் நின்று பார்ப்பவருக்குப் பேச்சு ஒரு தருமமாகவே தோன்றும்.

எங்கள் குடும்பங்களின் திரையும் இவ்வாறு பிளந்திருக்கின்றது. பிளவு தவறன்று. ஒரே திரையிற் கட்டுண்டு கிடந்தால் சித்தப்பா ஹேர்னிங் பக்கத்தில் ஒரு வாழ்வை அமைத்திருக்க முடியாது. இங்கிருந்த நாங்களும் எங்கள் வழியில் நடந்திருக்க முடியாது. நெருங்கும்போது ஒன்றாகும் ஏற்பாடு எங்களிடம் உண்டா என்பதே கேள்வி. அவ்வேற்பாட்டுக்குப் பெயர் மொழி என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது நம் மேடைகளின் வழக்கம். நான் அதனைச் சற்றுத் திருத்திச் சொல்ல விரும்புகின்றேன். மொழிக்கு முன்னால் கதை வரவேண்டும். தம்பி 'அப்பா' என்ற சொல்லை எனக்குக் கற்பிக்கவில்லை. அச்சொல்லின் வழியே ஒரு கதைக்குள் என்னை அழைத்தான். அன்றிரவே நான் அவன் மொழியிற் சில சொற்களைக் கேட்டுப் பழகினேன். கதை வேண்டுமென்ற ஆசை இருந்தால் மொழி பின்னே வரும். புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு அகரவரிசையைக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமைகளைப் பறித்துக்கொள்ளும் நம் ஏற்பாடுகள், அவர்கள் விரும்பித் தேடிவரும் கதை ஒன்றை முதலிற் கொடுத்தனவா என்று கேட்டுப் பார்க்கலாம்.

அத்தம்பி இன்று ஓர் இளைஞன். கடந்த ஆண்டு ஆங்கிலத்தில் எனக்கு எழுதிய மடலொன்றில், அப்பாச்சி மாலையில் என்ன சொல்லிச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார் என்று கேட்டிருந்தான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அவன் அந்த வினாவை வைத்திருந்திருக்கின்றான். நான் இப்போது அக்கதைகளை ஒவ்வொன்றாக எழுதி அனுப்பி வருகின்றேன். ஒரு பக்கம் தமிழில், எதிர்ப்பக்கம் ஆங்கிலத்தில். வண்டில் மாடு என்றால் என்ன, வேம்பு பட்டுப்போவது ஏன் வீட்டுக்கு ஆகாது என்பதெல்லாம் அடிக்குறிப்புகளாக நீள்கின்றன. ஒரு புருவ உயர்வில் அப்பாச்சி முடித்துவைத்ததை நான் மூன்று பக்கங்களில் விரிக்கின்றேன். அப்படி விரித்தும் நகை வருமா என்பது ஐயமே. இருந்தாலும் இதற்குப் பொத்தான் கிடையாது. இதனைக் கட்டை கட்டையாகவே செய்யவேண்டும்.

தொடர்ச்சி பின்னோக்கியும் செல்லலாம் என்று தொடக்கத்திற் கூறினேன். புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த நம் பிள்ளைகள், முதற்பாகத்தைப் பாராது இரண்டாம் பாகத்தில் வந்து சேர்ந்தவர்கள். அவர்களை நோக்கி 'உங்களுக்கு ஒன்றும் தெரியாது' எனக் குறைகூறுவது படம் பார்க்காதவனைப் பார்த்துச் சிரிப்பதற்கு ஒப்பாகும். இங்குள்ள நாங்களும் அவர்களுடைய பாகத்தைப் பார்த்ததில்லை. யூட்லாந்தின் பனிக்காலத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் எவ்வாறு வாழ்ந்தது என்பதை நான் இன்னும் அவனிடம் கேட்டு முடிக்கவில்லை. இருபுறமும் சொல்லப்படாதவை நிறைய இருக்கின்றன. அவற்றைச் சொல்லும் பொறுப்பு, எழுதவும் வாசிக்கவும் பயின்ற பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கே முதலில் உரியது. ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடமிருந்து ஒரு கதையையாவது கேட்டு எழுதி, கடலுக்கப்பால் அதனை அறியாதிருக்கும் ஓர் உறவினருக்கு இவ்வாண்டு முடிவதற்குள் அனுப்பிவைத்தால், நம் சங்கம் ஆற்றும் பணிகளுள் அதுவும் ஒன்றாக எண்ணப்படத்தகும்.